ஸ்கோர் கார்டுல இங்கிலீஷுக்கு எதுக்குங்க இடம்? தனியார் லீக் நடத்துறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

லீக், டூர், அகாடமின்னு தனியாரா விளையாட்டு நடத்துற முதலாளிமாருக்கும், அவங்க கமிஷனர்களுக்கும், "பிளேயர்னா நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசத் தெரிய வேணாமா"ன்னு மீட்டிங்ல உட்கார்ந்து கேக்கற மார்க்கெட்டிங் ஆளுங்களுக்கும் வணக்கம்.

நேரா விஷயத்துக்கு வந்துடறேன். இங்கிலீஷ் தெரிஞ்சா நல்லதா இல்லையான்னு சண்டை போட நான் வரல. நல்லதுதான், யார் இல்லன்னா. சொல்லிக்குடுங்க, வாத்தியார் வெச்சு சொல்லிக்குடுங்க, கத்துக்கிட்டவங்களுக்கு போனஸ் வேணும்னாலும் குடுங்க, சந்தோஷம். ஆனா இங்கிலீஷ் வரலன்னா களத்துல எறங்காதன்னு சொல்றீங்க பாருங்க, அங்கதான் பிரச்சனை. சொல்லிக்குடுக்கறது உங்க தாராளம், தடுக்கறது உங்க அதிகாரம், ரெண்டையும் ஒரே மாதிரி பேசி பூசி மெழுகாதீங்க.

இதுக்கு ஒரு பழைய கேஸ் இருக்கு. எல்பிஜிஏன்னு அமெரிக்காவுல பெண்களுக்கான கால்ஃப் டூர், அதாவது ஊர் ஊரா நடக்கற தொழில்முறைப் போட்டித் தொடர், 1950-ல ஆரம்பிச்சது. 2008 ஆகஸ்ட் 20-ஆம் தேதி, ஓரிகன் மாநிலம் போர்ட்லேண்ட்ல டோர்னமென்ட் நடக்கற வாரம், அப்போ டூரோட தலைமைப் பொறுப்புல, கமிஷனரா இருந்த கரோலின் பிவென்ஸ் கொரியா பிளேயர்களை மட்டும் கூப்பிட்டு, எல்லாரும் கண்டிப்பா வரணும்னு சொல்லி ஒரு மீட்டிங் போட்டாங்க. விஷயம் என்னன்னா 2009 கடைசியில இருந்து, டூர்ல ரெண்டு வருஷம் முடிச்சவங்களுக்கு வாய்மொழியா ஒரு இங்கிலீஷ் டெஸ்ட், அதுல தேறலன்னா மெம்பர்ஷிப் சஸ்பெண்ட். ரூல் எல்லா நாட்டுக்காரங்களுக்கும் பொதுதான்னு சொன்னாங்க. அப்ப டூர்ல 26 நாட்டுல இருந்து வந்த 121 வெளிநாட்டு பிளேயர்ஸ் இருந்தாங்க, அதுல 45 பேர் தென் கொரியா. சரி, எல்லாருக்கும் பொதுவான ரூலை எதுக்குங்க ஒரு நாட்டுக்காரங்களை மட்டும் தனியா உட்கார வெச்சு சொல்லணும்? ரூல் யாரைக் குறி வெச்சதுன்னு அந்த மீட்டிங்லயே தெரிஞ்சு போச்சு.

அந்த வருஷம் நடந்ததையும் சேர்த்துப் பாருங்க. 2008-ல பெண்கள் கால்ஃப்ல நாலு மேஜர் பட்டம், அதாவது வருஷத்தோட பெரிய போட்டிங்க. முதல்ல மெக்சிகோவோட லொரேனா ஒச்சோவா, அடுத்தது தைவான்ல இருந்து 19 வயசு யானி செங், அப்புறம் யு.எஸ். ஓபன்ல கொரியாவோட இன்பீ பார்க், அவங்களுக்கும் 19 வயசுதான், கடைசியா ஆகஸ்ட் ஆரம்பத்துல பிரிட்டிஷ் ஓபன்ல கொரியாவோட ஜியாய் ஷின். நாலுல ஒண்ணுகூட அமெரிக்காவுக்குப் போகல. அது முடிஞ்சு மூணு வாரம்கூட ஆகல, இங்கிலீஷ் டெஸ்ட் வருது. பொறாமைலதான் வெச்சாங்கன்னு நான் சொல்ல மாட்டேன், பணக் கணக்குதான் முக்கிய காரணம், அதைக் கீழ சொல்றேன். ஆனா பார்க்கறவனுக்கு எப்படித் தெரியும்னு அந்த ஆபீஸ்ல ஒருத்தருக்காவது தோணியிருக்க வேணாமா.

அந்த 45 பேர் எங்கிருந்து வந்தாங்கன்னு யோசிச்சிருந்தாலே போதும். 1998-ல அந்த டூர்ல இருந்த ஒரே கொரியா பிளேயர் சே ரி பாக், 20 வயசு. அந்த ஜூலை மாசம் விஸ்கான்சின்ல பிளாக்வுல்ஃப் ரன் மைதானத்துல யு.எஸ். ஓபன், நாலு நாள் ஆட்டம் சமன்ல முடிஞ்சு, மறுநாள் 18 ஹோல் (பந்தைப் போட வேண்டிய குழி) பிளேஆஃப். அதுல கடைசி ஹோல்ல பாக் அடிச்ச பந்து உருண்டு போய் குளத்தோட சரிவுல புல்லுக்குள்ள நின்னுடுச்சு. வேற ஆளா இருந்தா பெனால்டி ஒண்ணு வாங்கிட்டு பந்தை வெளிய எடுத்துப் போட்டிருப்பாங்க. இந்தப் பொண்ணு கொஞ்ச நேரம் நின்னு பார்த்துட்டு, ஷூவைக் கழட்டி, சாக்ஸைக் கழட்டி, தண்ணிக்குள்ள எறங்கினாங்க. சாக்ஸுக்கு மேல கால் முழுக்க வெயில்ல கருத்துக் கிடக்கு, கீழ பாதம் மட்டும் வெள்ளை வெளேர்னு. அங்க நின்னு ஒரே அடி, பந்து மேல வந்துடுச்சு. அந்த 18 ஹோலும் சமன், அதுக்கப்புறம் ரெண்டாவது ஹோல்ல ஜெயிச்சாங்க. அது ஐஎம்எஃப் கடன் வாங்கி, வேலை போயி, கொரியாவே சுருண்டு கிடந்த நேரம். அதை டிவியில பார்த்த சின்னப் பொண்ணுங்கதான் பத்து வருஷம் கழிச்சு 45 பேரா வந்து நின்னாங்க, அவங்க பின்னாடியே கொரியா டிவிக்காரங்க உரிமைப் பணமும் வந்துச்சு. அந்தப் பணத்தை வாங்கும்போது யாரும் டெஸ்ட் வைக்கல.

சரி, எதிர்த்தரப்பு நியாயத்தையும் சொல்லிடறேன், இல்லன்னா ஒருதலையா எழுதிட்டான்னு சொல்வீங்க. கால்ஃப்ல ப்ரோ-ஆம்னு ஒண்ணு உண்டு. டோர்னமென்ட் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, ஸ்பான்சர் கம்பெனியோட விருந்தாளிங்க மூணு நாலு பேரு ஒரு ப்ரொஃபஷனல் பிளேயரோட சேர்ந்து ஆடுவாங்க. அஞ்சு மணி நேரம் ஒண்ணா நடக்கணும். அந்த அஞ்சு மணி நேரமும் பிளேயர் வாயே திறக்கலன்னா பணம் கட்டினவருக்கு கடுப்பு ஆகும்ல, ஆகும்தான். பெண்கள் கால்ஃபுக்கு ஆண்கள் கால்ஃப் மாதிரி டிவி காசு கொட்டல, ஸ்பான்சரை நம்பித்தான் பொழப்பு, அதனால அந்த விருந்தாளிங்க சிரிச்ச முகத்தோட வீட்டுக்குப் போறது டூருக்கு உயிர் பிரச்சனை. நாங்க பொழுதுபோக்குத் தொழில்ல இருக்கோம், ரசிகரோடயும் ஸ்பான்சரோடயும் பேசியாகணும்னு டூர் தரப்புல சொன்னாங்க. சே ரி பாக்கே இந்த எண்ணம் தப்பில்ல, ஆனா சஸ்பெண்ட் பண்றதுக்கு பதிலா ஃபைன் போடலாம்னாங்க. அவங்க மேல எனக்கு அவ்வளவு மரியாதை, ஆனாலும் இந்த விஷயத்துல அவங்களோட ஒத்துப்போக முடியல.

ஏன்னா, ஸ்பான்சரோட கையெழுத்துப் போட்டது யாரு? டூர். "எங்க பிளேயர் உங்களோட ஜாலியா பேசுவாங்க"ன்னு வாக்கு குடுத்தது யாரு? டூர். அப்ப அந்த வாக்கைக் காப்பாத்தற செலவும் டூரோடதுதானே. ஒரு மொழிபெயர்ப்பாளரை கூட அனுப்பு, இல்ல அந்த அஞ்சு மணி நேரத்துக்குத் தேவையான நாலு விஷயத்தை சொல்லிக்குடு, பந்து எங்க விழுந்துச்சு, காத்து எந்தப் பக்கம், இப்படி கைப்பிடிச்சா நல்லா வரும், அவ்வளவுதான, கையக் காட்டியே பாதி சொல்லிடலாம். கல்யாண வீட்டுக்காரன் சமையல்காரனைக் கூப்பிட்டு "நீ பந்தியிலயும் வந்து மாமா அத்தைய எல்லாம் முறை சொல்லி உபசரிக்கணும், இல்லன்னா நாளைக்கு அடுப்புப் பக்கம் வராத"ன்னா எப்படி இருக்கும், அப்படி இருக்கு இது.

அப்புறம் என்ன ஆச்சுன்னா, வேடிக்கை இங்கதான். எந்த ஸ்பான்சரைக் குளிர வைக்க இந்த ரூலைப் போட்டாங்களோ அந்த ஸ்பான்சரே முறைச்சான். ஸ்டேட் ஃபார்ம் இன்சூரன்ஸ் கம்பெனி இது எங்களுக்கு சரிப்படலன்னு வெளிப்படையா சொல்லிடுச்சு. கலிஃபோர்னியா மாநில செனட்டர் லீலேண்ட் யீ எதிர்த்தார், ஆசிய அமெரிக்கர்களுக்கான சட்ட அமைப்புகளும் கேள்வி கேட்டாங்க. செப்டம்பர் 5-ஆம் தேதி, அதாவது மீட்டிங் போட்டு பதினாறே நாள்ல, தண்டனையை வாபஸ் வாங்கிட்டாங்க. அடுத்த வருஷம் ஜூலையில பிவென்ஸ் பதவியை விட்டும் போயிட்டாங்க, அதுக்கு முக்கிய காரணம் டோர்னமென்ட்டும் ஸ்பான்சரும் குறைஞ்சது, இதுதான்னு நான் முடிச்சுப் போட மாட்டேன். அதே 2009-ல ஜியாய் ஷின் டூருக்குள்ள வந்த முதல் முழு சீசன்லயே பரிசுப் பண லிஸ்ட்ல முதல் இடம். டெஸ்ட் வெச்சு வடிகட்ட நினைச்ச கூட்டத்துல இருந்து வந்த ஆள்தான் அந்த வருஷம் டூரோட முகமே.

ஆம்பளைங்க பக்கம் கதை எப்படின்னு கேட்டா, 2007-ல யு.எஸ். ஓபனை ஜெயிச்சவர் அர்ஜென்டினாவோட ஆங்கெல் கப்ரேரா, 2009-ல மாஸ்டர்ஸ்ங்கற இன்னொரு மேஜரையும் ஜெயிச்சார். இங்கிலீஷ் அவருக்கு சரியா வராது, மொழிபெயர்ப்பாளரை வெச்சுத்தான் பேட்டி. அவரை நிக்க வெச்சு யாரும் டெஸ்ட் வைக்கல, ஆம்பளைங்களோட பிஜிஏ டூர்ல அப்படி ஒரு ரூலே கிடையாது. பொண்ணுங்கன்னா பேசணும், சிரிக்கணும், ஆம்பளைங்கன்னா கப்பைத் தூக்கினா போதும்.

இப்ப நீங்க எடுத்து விடற பெரிய வாதம் எனக்குத் தெரியும். "நாங்க தனியார், எங்க கிளப்பு, எங்க ரூலு, பிடிக்கலன்னா வேற எடம் பாரு." இந்த வார்த்தையை கால்ஃப்காரங்க சொன்னா மட்டும் எனக்கு உண்மையிலயே எரிச்சல் வரும். அமெரிக்க பிஜிஏன்னு தொழில்முறை கால்ஃப்காரங்களோட சங்கம், அதோட விதியில 1934-ல இருந்து வெள்ளைக்காரங்க மட்டும்தான் உறுப்பினர் ஆகலாம்னு எழுதியே வெச்சிருந்தாங்க, அதுவும் தனியார் சங்கம்தான், அதுவும் அவங்க ரூல்தான். 1961-ல தான் எடுத்தாங்க, அதுவும் மனசு மாறி இல்ல, கலிஃபோர்னியாவோட அட்டர்னி ஜெனரல் ஸ்டான்லி மாஸ்க் நெருக்கடி குடுத்ததால. 1990-ல அலபாமாவுல ஷோல் கிரீக்னு ஒரு கால்ஃப் கிளப், கறுப்பர்களைச் சேர்க்க மாட்டோம்னு அதோட தலைவர் வாய்விட்டே சொல்லப் போயி, டிவி விளம்பரம் குடுத்த கம்பெனிங்க எல்லாம் பின்வாங்கின பிறகுதான் எறங்கி வந்தாங்க. அகஸ்டா நேஷனல்னு இன்னொரு கால்ஃப் கிளப்ல பெண் உறுப்பினர் சேர்ந்தது 2012-ல. தனியார்ங்கற வார்த்தைக்குப் பின்னாடி என்னென்ன ஒளிச்சு வெச்சிருந்தாங்கன்னு பார்த்தா, மொழியும் அதே வரிசையில வந்து நிக்குது.

இதுல இன்னொரு வழக்கு இருக்கு, என் மடல்ல நீங்க ஒண்ணே ஒண்ணை ஞாபகம் வெச்சுக்கணும்னா இதை வெச்சுக்கங்க. கேஸி மார்ட்டின்னு ஒரு கோல்ஃபர், வலது கால்ல ரத்த ஓட்டப் பிரச்சனை, நடந்தாலே உயிர் போற வலி, எலும்பு முறியற ஆபத்து வேற. கார்ட் வண்டியில போய் ஆட அனுமதி கேட்டார். பிஜிஏ டூர் முடியாதுன்னுச்சு, நடக்கறதும் ஆட்டத்துல ஒரு பகுதி, எங்க டூருக்கு நாங்கதான் ரூல் போடுவோம்னுச்சு. அமெரிக்க சுப்ரீம் கோர்ட் 2001 மே மாசம் ஏழுக்கு ரெண்டுன்னு மார்ட்டின் பக்கம் தீர்ப்பு சொல்லிச்சு. கால்ஃபோட சாரம் பந்தை அடிக்கறதுதான், நடக்கறது இல்லன்னு. அது மாற்றுத்திறனாளிகள் சட்டத்தை வெச்சு வந்த தீர்ப்பு, மொழிக்கு அப்படியே பொருந்தாது, வக்கீலுங்க யாரும் சண்டைக்கு வராதீங்க. நான் எடுத்துக்கறது அந்தக் கேள்வியை மட்டும்தான்: இது இல்லன்னா ஆட்டமே இல்லங்கற விஷயமா இது? பதினெட்டு ஹோலும் நடக்கறதே ஆட்டத்தோட சாரம் இல்லன்னு ஆன பிறகு, ஆட்டம் முடிஞ்சு மைக் முன்னாடி நின்னு பேசறது எப்படிங்க சாரம் ஆகும்?

"களத்துல நடுவர் சொல்றது புரிய வேணாமா"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி, இதுக்கு ஃபுட்பால் எப்பவோ பதில் சொல்லிடுச்சு. 1966 உலகக் கோப்பை காலிறுதி, வெம்ப்ளி மைதானம், இங்கிலாந்துக்கும் அர்ஜென்டினாவுக்கும் ஆட்டம். நடுவர் ருடால்ஃப் கிரைட்லைன் ஜெர்மன்காரர், ஸ்பானிஷ் தெரியாது. அர்ஜென்டினா கேப்டன் அன்டோனியோ ரட்டினுக்கு ஜெர்மனும் தெரியாது இங்கிலீஷும் தெரியாது. நடுவர் வெளிய போங்கறார், இவர் கையில கட்டியிருந்த கேப்டன் பட்டையைத் தொட்டுக் காட்டி மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுங்கறார், போக மாட்டேங்கறார், ஆட்டம் அப்படியே நிக்குது. கடைசியில வெளிய வந்து ராணிக்குப் போட்டிருந்த சிவப்புக் கம்பளத்து மேல போய் உட்கார்ந்துட்டார். அந்த உலகக் கோப்பையில நடுவர்களுக்குப் பொறுப்பா இருந்த கென் ஆஸ்டன் இந்தக் குழப்பத்தை யோசிச்சுக்கிட்டே கார் ஓட்டிட்டுப் போறப்ப டிராஃபிக் சிக்னல்ல நின்னிருக்கார், மஞ்சள் விழுந்தது, சிவப்பு விழுந்தது, ஐடியாவும் விழுந்தது. 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில மஞ்சள் கார்டும் சிவப்பு கார்டும் வந்துடுச்சு. "இனிமே எல்லா கேப்டனும் இங்கிலீஷ் படிச்சிட்டு வாங்க"ன்னு ஃபிஃபா சொல்லல பாருங்க. ரெண்டு அட்டைத் துண்டு, பிரச்சனை முடிஞ்சது, இன்னிக்கு உலகம் பூரா எந்த ஊர்ச் சின்னப் பையனுக்கும் அது புரியுது.

அமெரிக்க பேஸ்பால் லீக்கும் மெதுவாத்தான் இந்த முடிவுக்கு வந்துச்சு. ஜப்பான்ல இருந்து வர்ற பெரிய பிளேயர்களுக்கு ஒப்பந்தத்திலயே மொழிபெயர்ப்பாளர் உண்டு, ஆனா டொமினிகன் குடியரசு, வெனிசுலான்னு ஏழை ஊர்ல இருந்து அத்தனை பேர் வர்றாங்க, அவங்களுக்கு ரொம்ப நாளா ஒண்ணும் கிடையாது, கூட ஆடறவன் யாராவது பாவம் பார்த்து பேட்டியில மொழிபெயர்த்தா உண்டு. போர்ட்டோ ரிக்கோ பிளேயர் கார்லோஸ் பெல்ட்ரான் இதை விடாம கேட்டார், 2016-ல இருந்து ஒவ்வொரு கிளப்பும் ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளர் ரெண்டு பேரை வெச்சே ஆகணும்னு லீக்கும் பிளேயர் சங்கமும் முடிவு பண்ணினாங்க. லீக்குக்கு அந்தச் சம்பளம் எல்லாம் ஒரு காசா?

மொழிபெயர்ப்பாளர் வெச்சா எல்லாம் சரியாயிடுமான்னா இல்ல, அதையும் மறைக்க மாட்டேன். ஜப்பான்ல இருந்து வந்த பேஸ்பால் ஸ்டார் ஷோஹேய் ஒட்டானியோட மொழிபெயர்ப்பாளர் இப்பே மிசுஹாரா அவர் அக்கவுன்ட்ல இருந்து கிட்டத்தட்ட 1.7 கோடி டாலர் சுருட்டி சூதாட்டத்துல விட்டான், பேங்குக்கு போன் போட்டு நான்தான் ஒட்டானின்னு பேசியிருக்கான். 2024 மார்ச், சியோல்ல மேட்ச் முடிஞ்சு டீம் மீட்டிங், அந்த ஆள் எல்லார் முன்னாடியும் இங்கிலீஷ்ல விஷயத்தைச் சொல்றான், பக்கத்துல மொழிபெயர்க்க ஆள் இல்லாம ஒட்டானி உட்கார்ந்திருக்கார், ஏதோ சரியில்லன்னு மட்டும் தெரியுது, முழுசா புரியல. தன் சொந்தப் பணம் திருடு போன கதையே அவருக்கு அரைகுறையாத்தான் காதுல விழுந்திருக்கு. அதனால பிளேயர்களுக்கு நான் சொல்றது, கத்துக்கங்கப்பா, உங்க காசைக் காப்பாத்தவாவது கத்துக்கங்க. ஆனா அது அவங்க நல்லதுக்கு அவங்க எடுக்க வேண்டிய முடிவு. டெஸ்ட்ல ஃபெயிலான உடனே அவங்க சம்பாத்தியத்தையே நிறுத்தறது எந்த வகையில அவங்களைக் காப்பாத்துது?

இப்ப நம்ம ஊர்ப் பக்கம் வரேன். இங்க யாரும் எல்பிஜிஏ மாதிரி எழுதி வெச்சு மாட்டிக்க மாட்டாங்க, நம்மாளுங்க கெட்டிக்காரங்க, எழுதாமலே செய்வாங்க. 2018 ஜூலையில அசாம் பொண்ணு ஹிமா தாஸ் ஃபின்லாந்துல 20 வயசுக்குட்பட்டோர் உலகப் போட்டியில 400 மீட்டரை 51.46 செகண்ட்ல ஓடி தங்கம் வாங்கிச்சு. அரையிறுதி ஜெயிச்சப்ப அந்தப் பொண்ணு குடுத்த பேட்டியைப் போட்டு, இங்கிலீஷ் அவ்வளவா வராது, ஆனாலும் முயற்சி பண்ணுச்சுங்கற மாதிரி நம்ம தடகள சம்மேளனமே ட்வீட் போட்டுச்சு. நாடே திட்டின பிறகு மன்னிப்பு கேட்டாங்க. ஓடறதுக்கு மார்க் போடச் சொன்னா பேசறதுக்கு மார்க் போட்டா என்னங்க பண்றது.

நல்லது நடக்காமலும் இல்ல. 2020 டிசம்பர்ல ஆஸ்திரேலியாவுல டி20 தொடர் முடிஞ்சதும் சின்னப்பம்பட்டி நடராஜன்கிட்ட முரளி கார்த்திக் தமிழ்லயே கேள்வி கேட்டார், அவரும் தமிழ்லயே பதில் சொன்னார். மூணு மேட்ச்ல ஆறு விக்கெட் எடுத்த ஆள், வாயத் திறந்து தன்னோட மொழியில பேசினார், ஒளிபரப்பு ஒண்ணும் நின்னு போகல, ஸ்பான்சர் ஒருத்தனும் ஓடிப்போகல, ஜனங்க அந்தத் துண்டு வீடியோவை ரவுண்டு ரவுண்டா ஷேர் பண்ணினாங்க.

நான் ஒரு அரசுப் பள்ளியில பி.இ.டி. வாத்தியார். எங்க வாலிபால் பொண்ணுங்களை ஒரு தனியார் அகாடமி ட்ரையலுக்குக் கூட்டிட்டுப் போயிருந்தேன், பேர் வேணாம். செர்வ், பாஸ், ஜம்ப் எல்லாத்துக்கும் மார்க் போடற ஃபார்ம்ல கடைசியா "கம்யூனிகேஷன்"னு ஒரு கட்டம், பத்து மார்க். எங்க பொண்ணு ஒருத்தி, எதிர்ல நிக்கறவ கண்ணைப் பார்த்தே பந்து எங்க வரும்னு சொல்லிடுவா, கோர்ட்ல ஆறு பேரையும் கத்திக் கத்தி நிக்க வைக்கறதே அவதான். அவளை ஏசி ரூம்ல உட்கார வெச்சு இங்கிலீஷ்ல "உன்னைப் பத்திச் சொல்லு"ன்னா என்ன சொல்லுவா? பேரைச் சொன்னா, ஊரைச் சொன்னா, நிறுத்திட்டா. பத்துக்கு ரெண்டு. கோர்ட்டுல அவ பண்ற கம்யூனிகேஷனுக்கு அந்த ஃபார்ம்ல கட்டமே இல்ல. ரெண்டு மார்க் வித்தியாசத்துல அவளுக்கு எடம் போச்சு, கான்வென்ட்ல படிச்ச இன்னொரு பொண்ணுக்குக் கெடச்சுது, அந்தப் பொண்ணு மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, நல்லா ஆடற பொண்ணுதான். என் கோபம் அந்தக் கட்டத்து மேல.

அதனால கேக்கறது இதுதான். உங்க செலக்‌ஷன் ஃபார்ம்ல அப்படி ஒரு கட்டம் இருந்தா அடுத்த ட்ரையலுக்கு முன்னாடி அடிச்சிடுங்க. ஒப்பந்தத்துல மீடியா கடமைன்னு ஒரு பத்தி இருக்கும்ல, அதுல "பிளேயர் விரும்பற மொழியில"ன்னு ஒரு வார்த்தை சேர்த்துடுங்க, மொழிபெயர்ப்பாளர் செலவு லீக் கணக்குல போகட்டும். இங்கிலீஷ் வகுப்பு சீசன் இல்லாத மாசத்துல நடத்துங்க, வர்றவங்க வரட்டும், வராதவங்களுக்கு ஃபைனும் வேணாம் முறைப்பும் வேணாம். அப்படியே உங்க டீம் பேட்டி எடுக்கற தம்பி தங்கச்சிங்களுக்கும் பிளேயரோட மொழியில நாலு கேள்வி கேக்கச் சொல்லிக்குடுங்க, கத்துக்கற பாரத்தை எப்பவும் ஆடறவன் தலையிலயே கட்டாம.

எங்க பொண்ணு அடுத்த வருஷமும் ட்ரையலுக்கு வருவா. ஃபார்மை மாத்தினீங்களா இல்லையான்னு அதுக்குள்ள ஒரு பதில் போட்டீங்கன்னா நல்லாருக்கும்.

இப்படிக்கு,
ஒரு அரசுப் பள்ளி பி.இ.டி. வாத்தியார்